பன்னிரண்டு எழுத்து

சத்துவாச்சாரியில் மூன்றாவது ராத்திரி.
என் மடிக்கணினிக்குள் இன்னொரு கணினி:
ராணிப்பேட்டையில் மூடிப்போன தோல் ஷெட்டின்
ஆபீஸ் பெட்டி. பெட்டி பழைய இரும்புக்குப் போயிற்று,
வட்டின் நகல் மட்டும் என்னிடம்.
எமுலேட்டருக்குள் இருப்பதற்கு அது தெரியாது.
கறுப்புத் திரையில் தேதி கேட்கிறது.
தொண்ணூற்று நாலு என்கிறேன்,
நம்புகிறது.

தேடி வந்தவர் தேசிங்கு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.
"பி.எஃப். ஆபீசுல எங்கம்மா பேரே இல்லன்றாங்க.
பதினாறு வருஷம் சுண்ணாம்புத் தொட்டில நின்னுக்கீது சார்,
கால பாத்தாலே தெரியும்.
கால எப்டி மனுவுல ஒட்றது?"

சம்பளப் பட்டியல் உள்ளேதான் இருக்கிறது.
வட்டைச் சுருக்கி வைத்த புண்ணியவான் யாரோ,
வெளியிலிருந்து திறந்தால் குப்பை.
உள்ளே போய் எடுக்க வேண்டும்,
எடுத்ததை அனுப்ப ஒரு கம்பி வேண்டும்.
இல்லாத கம்பி, இல்லாத கார்டு.
என்.ஈ. இரண்டாயிரம் என்று
பெயர் மட்டும் உண்டு அதற்கு.

முதல் ராத்திரி டிரைவர் ஏறவில்லை.
இரண்டாம் ராத்திரி ஏறியது, காது கேட்கவில்லை.
ஐ.ஆர்.க்யூ மூன்று என்று நான் எழுதிவைக்க,
கார்டு ஒன்பதாம் வாசலில்
தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

திருத்தினேன். முகவரி வந்தது:
பத்து, பூஜ்யம், இரண்டு, பதினைந்து.
கரண்ட் போய் விசிறி நின்ற நேரம்
வேர்வையோடு பிங் அடித்தேன்.
பதில் இல்லை.
அடித்தேன்.
காட்பாடிப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
நீளமாக ஊதிவிட்டுப் போனது,
அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

நாலு மணிக்குத்தான் ஒரு கையேட்டின் அடிக்குறிப்பில் பார்த்தேன்:
இந்த வகைப் பாதையில் பிங் வெளியே போகாது.
கூப்பிட்டால் கேட்காது,
சாமானைக் கொடுத்தனுப்பினால் போய்ச் சேரும்.
ராத்திரி முழுக்கத் திறந்திருந்த கதவு.
மணலுக்கு அடியில் பாலாறு என்று
ஒரு உவமை வாய்வரை வந்தது.
இந்த ஊரில் எல்லா உவமையும்
அங்கே போய்த்தான் விழும்.
விட்டுவிட்டேன்.

எஃப்.டி.பி.யில் கோப்பு நகர்ந்தது.
அறுபத்தோராயிரம் பைட்,
ஒரு வாட்ஸ்அப் படத்தின் நகக்கண் அளவு.
அதற்குள் இருநூற்றுப் பதினாலு பேர்.
முனிரத்தினம்மாள் இல்லை.
ஆபீசில் பொய் சொல்லவில்லை.

மறுபடி மேலிருந்து.
நூற்று முப்பத்தேழாவது வரி, சுண்ணாம்புப் பிரிவு,
நாள் கூலி இருபத்திரண்டு ஐம்பது,
இங்கிலீஷில் முனிரத்தினம்.
ஆம்பிளை.
பெயருக்கு ஒதுக்கிய இடம் பன்னிரண்டு எழுத்து.
விரல்விட்டு எண்ணினேன்,
பன்னிரண்டாவது எம்.
மிச்சம் மூன்று எழுத்துக்கு
எந்த ஆண்டவனும் இடம் விடவில்லை.

பக்கத்துக் கட்டத்தில்,
ஒற்றை எழுத்து அகலத்தில்,
எஃப் என்று இருந்தது.
அதை யாரும் படிக்கவில்லை.

விடியவில்லை இன்னும்.
தேசிங்குக்குப் போன் போட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.