தணிவெண்

விபெக்கெ இன்று ஆறு புயல்களை விதைத்தாள்.
ஒவ்வொன்றும் பத்து நிமிடம்.
சராசரி வேகம் ஒன்றே, விதை எண் மட்டும் வேறு.
திரையில் காற்று என்பது பெட்டி நிறையக் கட்டங்கள்,
இறக்கை என்பது நாற்பது துண்டாக நறுக்கிய ஒரு கோடு.
காற்று கோட்டை வளைக்கும்.
வளைந்த கோடு காற்று படும் கோணத்தை மாற்றும்.
மாறிய கோணம் மறுபடி வளைக்கும்.
யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்க முடியாத சண்டை.
நொடிக்கு ஐம்பது முறை தீர்த்துவைக்கிறாள்.

ஐந்து புயல்களில் ஒன்றுமில்லை.
ஆறாவதில்
ஓடாமல் பூட்டிவைத்த சுழலி,
பக்கவாட்டுக் காற்று,
நுனி அசையத் தொடங்கிற்று:
ஒரு சாண், ஒரு முழம், ஓர் ஆள் உயரம்.
அடக்க வேண்டிய காற்றே
ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் நொடியில்
கணினி எண்களைக் கைவிட்டு
எண் அல்ல, எண் அல்ல என்று
பக்கம் பக்கமாகக் கொட்டியது.

உள்ளீட்டுக் கோப்பை வரி வரியாகப் படித்தாள்.
நீளம் எண்பத்து நான்கு மீட்டர்: அளந்தது.
எடை: கிரேன் சொன்னது.
விறைப்பு: கூடத்தில் ஒடியும்வரை இழுத்துப் பார்த்தது.
தணிவெண் 0.5 சதவீதம்.
பக்கத்தில் எட்டு வருடப் பழைய குறிப்பு:
"தோராயம். பிறகு பார்க்கலாம். கே."
கே. இப்போது லெம்விக்கில் பேக்கரி வைத்திருக்கிறான்.
தொலைபேசியில் மாவு பிசையும் இயந்திரம் உறுமியது.
"அரை என்பது பார்க்க அழகாக இருந்தது" என்றான்.

ஜூட்லாந்தின் மேற்குக் கரை, டிசம்பர்.
கடலிலிருந்து வரும் இந்தக் காற்றுக்கு
என் மொழியில் கோடை என்று பெயர்.
விறைத்த உதட்டால் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை.
அது ஓயப் பதினொரு நாள் காத்திருந்தோம்.

டிராக்டர் எஸ்கிலுடையது. வாடகை வேண்டாம்,
தன் பன்றிகள் மிரளக் கூடாது, அவ்வளவுதான்.
படகுக் கயிற்றை நுனியில் கட்டி
அரை மீட்டர் இழுத்துக்
கொக்கியை விட்டோம்.

எண்பத்து நான்கு மீட்டர் வெள்ளை
சத்தமில்லாமல் போனது. வந்தது.
உணரிகள் ஒட்டியிருந்தும்
விபெக்கெ விரல் மடக்கி எண்ணினாள்.
ஆட்டம் பாதியாக
இருபத்திரண்டு முறை என்றது கோப்பு.
இருபத்திரண்டு கடந்தது.
முப்பது.
எஸ்கில் என்ஜினை அணைத்தான்.
முப்பத்தேழு.

அரை இல்லை. புள்ளி மூன்று.
நாம் நினைத்ததைவிட
மெதுவாக ஆறுகிற பொருள்.

அன்று இரவு அதே விதைகள்.
ஆறில் நான்கு உடைந்தன.
கடிதம் இரண்டே வரி:
புயலில் பூட்டாதீர்கள்.
மெல்லச் சுற்ற விடுங்கள்.
பிறகு கோப்பைத் திறந்து
தோராயம் என்ற சொல்லை அழித்தாள்:
"0.3. கயிறு, டிராக்டர், முப்பத்தேழு. வி."

நாங்கள் கிளம்பிய பின்னும்
எஸ்கில் அங்கேயே நின்றிருக்கிறான்.
கார் நெடுஞ்சாலை ஏறும்போது செய்தி வந்தது:
இப்போதுதான் நின்றது.
பன்றிகள் நலம்.