காந்தப்பெட்டி

குலசேகரன்பட்டினம் சுங்கச் சாவடியில்
வில்லைச் சேவகன் ஒருத்தன்
என் கருப்பட்டிச் சிப்பங்களைப்
பிரம்பால் தட்டித் தட்டி எண்ணுகிறான்.
இடது காதில் பாதி இல்லை.
அந்தப் பாதியை அறுத்தது நூகு லெப்பை,
என் மச்சான்.
அறுத்த கத்தியோடு கடலுக்குள் போனவன்.

பதினெட்டு வருஷம் ஆயிற்று.
கச்சான் செத்து வாடை பிறக்காத இடைநாள்.
பாய், காயப்போட்ட துணிபோலத் தொங்கியது.
காலியிலிருந்து கொட்டைப்பாக்கோடு திரும்புகிறோம்;
மணப்பாட்டுக் கோயில் விளக்கை
வடமேற்கில் வைத்துக்கொண்டு கிடந்தோம்.
விளக்கு இரண்டாயிற்று.
இரண்டாவது விளக்குக்குத் துடுப்பு இருந்தது.

"கும்பினிப் பாறா. சீட்டு!" என்றான்
கபிரியேல் தல்மெய்தா.
எடுக்கக் குனிந்தேன்.
பரம்பரைப் பழக்கம் அது, குனிவது.
எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பறங்கிச் சீட்டு உண்டு,
எலி தின்றது போக உலாந்தாச் சீட்டு உண்டு.
சீட்டில்லாத தோணி கொள்ளைத் தோணி:
சீட்டு விற்க வந்தவன் சொன்னது இது.
அவனுக்கு முன்னே எங்கள் மூப்பன்மார்
எந்தக் காகிதத்தைக் காட்டி மலாக்கா போனார்கள் என்று
யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது.
பாக்கு மூட்டை இருபத்திரண்டு,
பண்டாரியின் செம்புப் பானை,
காந்தப்பெட்டி.
தண்ணீர்ப் பீப்பாயை அவன் தொடவில்லை.
இந்தக் கரையில் அதைக் கதையாகச் சொல்கிறார்கள்,
கள்ளனானாலும் தர்மவான் என்று.
நூகு லெப்பை மூன்றாம் நாள்
பெரியதாழையில் கரை ஒதுங்கினான்.
அந்தக் கதையில் பெரியதாழை வருவதில்லை.

பிறகு புகைக்கப்பல் வந்தது.
காற்றின் காலைப் பிடிக்காத கப்பல்.
காற்று செத்த நாள்தான் துடுப்புக்காரன் அறுவடை நாள்;
அந்த நாளிலும் அது நடந்து வந்தது
கரி துப்பிக்கொண்டு.
முயல்தீவில் மூன்று படகை எரித்தார்கள்.
இரண்டு பேரைத் தூத்துக்குடியில் தூக்கினார்கள்.
ஒருத்தன் கயிறு அறுந்து விழுந்ததாகவும்
மறுபடி ஏற்றியதாகவும் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை.
மிச்சப் பேருக்கு மன்னிப்புக் காகிதம்.
கழிமுகமும் சுழியும் நீவாடும் தெரிந்தவன்
சர்க்காருக்கு வேண்டியிருந்தது.
இனி இந்தக் கரையில் கள்ளத்தனம் உப்பில்தான்.
இராத்திரி உப்புத் தலைச்சுமையோடு ஓடும் பெண்களைத்
தேரியில் மறிக்க
மணலில் ஓசையில்லாமல் நடக்கத் தெரிந்த கால்கள் வேண்டும்.

பிரம்பு நின்றது.
அரைக்காது என் பக்கம் திரும்பியது.
என் தாடி நரைத்ததைத் தாண்டி
அவன் என்னைக் கண்டுகொண்டான்.

உள்ளே ராயசம் ஆதிநாத பிள்ளை மேசையில்
காகிதம் பறக்காமலிருக்கப் பாரமாய்
என் காந்தப்பெட்டி.
மூடியில் நூகு ஆணியால் கீறிய அலிபு
பச்சை பூத்திருக்கிறது.
"பிள்ளைவாள், அந்தப் பெட்டி…"
"சாவடிச் சொத்து. இலக்கம் போட்டாயிற்று."

எதைச் சொல்ல?
அவனிடம் ஒரு காகிதம், என்னிடம் ஒரு காகிதம்.
இரண்டிலும் ஒரே சிங்கம்
ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது.

"எத்தனையடா சிப்பம்?" என்றார் பிள்ளை.
"பதினாறு" என்றான் கபிரியேல்,
என்னைப் பார்த்துக்கொண்டே.

பத்தொன்பது இருந்தது.
நேற்று விளக்கு வைத்தபின் நானே கட்டி நானே எண்ணினேன்.
மூன்று சிப்பத்துக்குத் தீர்வை மிச்சம்.
ஆக, நூகு லெப்பைக்கு
அவன் போட்ட விலை அது.

"பத்தொன்பது" என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும்,
வாசலில் சாக்கு தைத்தவன் தலை தூக்கினான்.
பிள்ளை அடித்துத் திருத்தினார்.
கபிரியேல் பிரம்பைக் கைமாற்றிக்கொண்டு
அடுத்த தோணிக்குப் போனான்.
பத்தொன்பதுக்கும் எண்ணி வைத்தேன்.

முத்திரை விழுந்த அதிர்வில்
பெட்டிக்குள் ஊசி ஒரு சுற்றுச் சுற்றித்
தடுமாறி
வடக்கில் வந்து நின்றது.