முப்பத்தொரு சதவீதம்

ஐம்பத்திரண்டு இருக்கை, அறுபது கிலோமீட்டர்.
பெருக்கினால் மூவாயிரத்து நூற்றிருபது.
இது வண்டி சுமந்திருக்கக் கூடியது.
சுமந்தது தொள்ளாயிரத்து அறுபத்தாறு.
பெரியதைச் சிறியதால் – இல்லை, தலைகீழ்,
ஏழு வருஷமாகியும் வகுக்கும்போது தடுமாறுகிறேன் –
முப்பத்தொன்று வருகிறது.

ஊட்டி டெப்போவில் என் மேசை ஜன்னலை ஒட்டி.
கிண்ணக்கொரை கடைசி வண்டியின் தாளை
கண்டக்டர் போஜன் ஈரமாகத்தான் கொண்டுவந்து தருவார்.
மஞ்சூருக்கு அப்பால் மூடுபனி படி வழியே ஏறும்,
டிக்கெட் எடுக்காது.
தாய்சோலைக்கு முன்னால் ஒரு காட்டெருமை
சாலை நடுவே நின்று நாற்பது நிமிஷம் யோசித்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒருநாள் கேட்டார்.
அதற்குக் கட்டம் இல்லை.

அதே வண்டி காலையில் இறங்கும்போது எழுபத்துநாலு பேர்.
நூற்று நாற்பத்திரண்டு சதவீதம்.
கேரட் மூட்டை, காலேஜ் பைகள்,
ஆஸ்பத்திரிச் சீட்டைப் பல்லில் கடித்தபடி ஒரு கர்ப்பிணி,
படியில் மூன்று பேர்.
நூறைத் தாண்டி நிரம்புவது உலகில் வேறென்ன என்று
சாப்பாட்டு வேளையில் பேச்சு வந்தது.
"கடன்" என்றாள் கேஷியர் ஜெசிந்தா.

இரவுத் தாள் ஒரு கோப்பில், காலைத் தாள் இன்னொன்றில்.
இரவு ஏறாத வண்டி
காலையில் எங்கிருந்து இறங்கும் என்று
கோப்புகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை.
அடுத்த மாதத்திலிருந்து
ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பேச்சு.

என் கணவர் கெத்தை மின்நிலையத்தில் ஆபரேட்டர்.
பெயர் கார்மேகம், வேலை தண்ணீரில், சிரிக்க வேண்டாம்.
அவர் தாளிலும் ஒரு சதவீதம் உண்டு:
மாதம் முழுக்க மூச்சுவிடாமல் ஓடினால் வரும் யூனிட்டில்
வந்தது எவ்வளவு.
இருபத்துநாலு.
"உங்க மிஷினுக்கு எங்க பஸ்ஸே தேவலை" என்றேன்.
அவர் தோசையைத் திருப்பிப் போட்டார்.
"தண்ணி இவ்வளவுதான். பகல்ல விட்டுட்டா
சாயங்காலம் குழாய் இருமும்.
ஆறே முக்காலுக்குக் கோயமுத்தூரே சுவிட்சைத் தட்டும்.
போன் வரும், ஏத்துன்னு.
நாலே நிமிஷம், ஏத்திருவோம்.
அதுக்குத்தான் மத்த நேரமெல்லாம் சும்மா இருக்கோம்."
சும்மா என்று அவர் சொன்ன விதத்தில்
மதகு மூடிய அணையின் கனம் இருந்தது.

மறுநாள் குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
இவ்வண்டி இரவில் காலியாகப் போகவில்லை,
காலைக்காகப் போகிறது.
கோப்பு திரும்பி வந்தது, சிவப்பு மையோடு.
"எண்கள் மட்டும்."

சரி, எண்கள்.
வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி.
அவருக்கு மூன்று ஷிஃப்ட், எனக்கு ஒன்று, நடுவில் மலை.
இருவரும் விழித்தபடி ஒரே கூரையின் கீழ்: பத்தொன்பது.
பதினொரு சதவீதம்.
எந்த நிர்வாகமும் இந்தத் தடத்தை
எப்போதோ ரத்து செய்திருக்கும்.

ஆறே முக்கால். வண்டி இத்தலாரைத் தாண்டுகிறது.
மஞ்சூர் வரை நானும் இதில்தான்.
போஜன் காதில் பென்சிலோடு தலைகளை எண்ணி வருகிறார்.
என்னிடம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தி,
வீட்டில் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு,
அடுத்த ஆளிலிருந்து தொடர்கிறார்.
என்னுடையது ஊழியர் பாஸ்.
வருமானத்தில் சேராது, ஆகவே ஆளிலும் சேராது.
பதினேழாம் இருக்கை காலி.
நாளை பத்து மணிக்கு
அதை நானேதான் கூட்டிப் போடுவேன்.

கீழே பள்ளத்தில் விளக்குகள்
ஒரு தரம் மங்கி, நிமிர்கின்றன.
அவருக்குப் போன் வந்திருக்கும்.
காலி இருக்கையில் உட்கார்ந்தபடி
சால்வையை இழுத்துக் கழுத்தை மூடுகிறேன்.
இந்த ஜன்னல் எப்போதும் முக்கால்தான் மூடும்.