உயிர்வாழ் சான்று

ஏழு கதைகளில் அவரைக் கொன்றிருக்கிறேன்.
முதல் கதையில் லாரி.
தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல்
கிரானைட் பாளம் சரிந்து விழுந்தது.
அவசரப்பட்டுவிட்டேன்.
வலி தெரியும்முன் செத்துப்போனார்.
அடுத்ததில் நிதானம் வந்தது.
அணை மதகின்மேல் நிறுத்தி
பத்துப் பக்கம் கெஞ்சவிட்டேன்.
ஐந்தாவதில் பெயரைக்கூட மாற்றவில்லை:
திம்மராயன், வி.ஏ.ஓ., ஓய்வு.

திருப்பி அனுப்பினார்கள்.
"பழிவாங்குவதற்கான நியாயம்
கதையில் போதவில்லை."

போதவில்லையாம்.
எண்பது சென்ட். இருபத்திரண்டு பெங்களூரா மரம்.
சிட்டாவில் ஒரு பெயரை அடித்து
அதன் தலைமேல் இன்னொரு பெயர், நீல மை.
அப்பா பதினோரு மாதம் நடந்தார்.
நாளைக்கு வா.
திங்கக்கெழம வா.
ஜமாபந்தி முடியட்டும், வா.
பன்னிரண்டாம் மாதம்
பூவுக்கு அடிக்கிற மருந்தைச் சொம்பில் ஊற்றி,

இதை எப்படி எழுதினாலும் மிகையாகத்தான் தெரிகிறது.

படித்த பழிக்கதைகளிலெல்லாம்
கத்தி இறங்கும்முன் ஒரு வரி வரும்.
நான் இன்னாருடைய பிள்ளை என்பான் ஒருவன்.
கீழே கிடப்பவன் கண் விரியும்.
அந்த ஒரு வரிக்காகத்தான்
மிச்ச முந்நூறு பக்கமும்.
மறுநாள் காலை அவன் பல் தேய்த்தானா,
இட்லி இறங்கியதா,
யாரும் எழுதுவதில்லை. நானும்தான்.

ஆனி மாதம்.
காவேரிப்பட்டணம் முழுக்க மாங்கூழ் ஆலைப் புளிப்பு.
இ-சேவை மையத்தில் இரண்டாவது கவுண்டர் என்னுடையது.
மருந்துக்கடைக் கவரில் ஆதாரைச் சுற்றிக்கொண்டு
வந்து நின்றார்.
உயிரோடு இருப்பதாக நான் பதிந்து கொடுத்தால்தான்
அவருக்கு அடுத்த மாதப் பென்ஷன்.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு.
"சர்வர் இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்றேன்.
என் வாயில் அவர் குரல்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.
இதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் வந்தார். திங்கட்கிழமை வந்தார்.
நான்காவது தடவை சந்தூரிலிருந்து பஸ் மாறி,
சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.
பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.
"நான் உசுரோட இருக்கறத
நீதான் கண்ணால பாக்கறியேம்மா.
அப்படியே எழுதிக் குடுத்துடக் கூடாதா?"

பிறகு, சும்மா, பேச்சுக்கு:
"நீ யாரு பொண்ணு?"

ஏழு கதையாக வைத்திருந்த வரி.
"மாதையன் பொண்ணு" என்றேன்.
திரைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றியது.
அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
"எந்த மாதையன்?
நம்ம பக்கம் ஏகப்பட்ட மாதையன் ஆச்சே."

இந்த இடத்தை நான் எழுதியிருக்கவில்லை.
கண் விரிய வேண்டிய இடத்தில்
பீளை கட்டிய கண், அவ்வளவுதான்.

விரலை வைக்கச் சொன்னேன். ஏற்கவில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன்; அந்த விரலை, நான்.
ரேகை தேய்ந்துவிட்டது.
எத்தனை தாள் புரட்டியதோ.
கடைசியில் கண்ணைப் படமெடுக்கும் கருவி.
"மூடாதீங்க. நேரா பாருங்க."
என் திரையில் அவர் கண் பெரிதாக, சாம்பல் படர்ந்து,
நான் யாரென்று தெரியாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
பொருந்துகிறது என்றது கருவி.

அச்சு வந்தது.
கட்டணத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
சில்லறை பொறுக்க அவர் குனிந்த நேரத்தில்
சான்றைத் திருப்பி, பின்பக்கம்,
சர்வே எண், உட்பிரிவு, எண்பது சென்ட்,
எந்த மாதையன் என்பது,
எல்லாம் நீல மையில் எழுதி மடித்துக் கொடுத்தேன்.

மன்னிக்கவில்லை.
பிரித்துப் படித்தாரா என்றும் தெரியாது.
கூழ் லாரிகளுக்கு நடுவே
சாலையைக் கடக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார்.
பத்திரமாகக் கடந்து போக வேண்டும்,
அடுத்த ஆனிக்கும் உயிரோடு வர வேண்டும்
என்று நினைத்துக்கொண்டேன்.

நல்லெண்ணத்தில் அல்ல.