உள்ளுறை

தளியில் சந்தை மைதானத்துக்குப் பின்னால்
மூன்றாம் வரிசை, ஷீட் கூரை.
மார்கழி முதல் வாரம், உள்ளே பதினோரு டிகிரி,
வெளியே அதைவிட அரை டிகிரி குறைவு.
அந்த அரை டிகிரிக்குத்தான்
மாதம் நாலாயிரம் வாடகை.

நானும் டெம்போ ஓட்டும் சிக்கண்ணாவும்
கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளினோம்.
டிரங்குப் பெட்டி அளவு, உள்ளே தொண்ணூறு கிலோ உப்பு.
"செவுத்துல ஓட்டை விழுந்தா அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்"
தேன்கனிக்கோட்டையிலிருந்து வீட்டுக்காரர், போனில்.
ஏற்கெனவே உடைந்திருந்த வென்டிலேட்டர் வழியாகக்
குழாயை இறக்கினேன்.
குடியிருக்கும் வீட்டில் வேலை என்றால்
அதன் ஓட்டைகளோடு ஒத்துப்போவதுதான்.

"இது ஹீட்டரா?" என்றாள் நாகவேணி.
இல்லைம்மா.
பகலில் கூரைமேல் தகடு வெயில் வாங்கும்,
இங்கே உப்பு உருகும்.
பிறகு ஆறும். தொட்டால் சில்லென்றிருக்கும்.
ஆறினாலும் உறையாது,
வாங்கிய சூட்டைக் காட்டிக்கொள்ளாமல்
தண்ணீர் மாதிரி கிடக்கும்.
இந்தப் பொத்தானை அழுத்தினால் ஒரு டிக்.
அப்போதுதான் உறையும். உறையும்போதுதான் சுடும்.

"கோவம் மாதிரியா?"
தெரியாது, ஐம்பத்தெட்டு டிகிரி என்றேன்.

பள்ளியில் 'உள்ளுறை' எனக்கு இரண்டு முறை வந்தது.
தமிழில், சொல்லாமல் சொல்வது.
இயற்பியலில், வெப்பமானி காட்டாத வெப்பம்.
இரண்டும் இரண்டு மதிப்பெண் வினா.
இரண்டிலும் கோட்டைவிட்டேன்.

அவளுக்கு ஓசூரில் இரண்டாம் ஷிப்ட்,
செல்போனுக்குள் எதையோ பொருத்தும் வேலை.
கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது மணி பன்னிரண்டு பத்து.
திம்மராஜு மூன்றரைக்கே கிளம்ப வேண்டும்,
பசுமைக்குடிலில் ரோஜா வெட்ட.
இரண்டு முறை போயும் நான் அவனைப் பார்த்ததில்லை,
கொடியில் தொங்கிய முள் கிழித்த ஸ்வெட்டரைத் தவிர.

தை பிறந்து நாலாம் நாள்
பதிவுக்கருவியைக் கழற்றப் போனேன்.
"டைமர் வெச்சிருக்கீங்களா?
நான் வரும்போதே கட்டில் கதகதன்னு இருக்கு.
அவரு அசையாம தூங்குறாரு."

பெட்டியில் டைமர் எதுவும் கிடையாது.

திரையில் ஓடவிட்டேன்.
ஞாயிறு நீக்கி ஒவ்வொரு இரவும்
11.52. 11.50. 11.55.
ஒரு டிக், அப்புறம் கோடு மேலே ஏறுகிறது.
பதினேழாம் தேதி மட்டும் ஏறவில்லை.
அன்று வெயிலுக்குக் குறைவில்லை,
சாயங்காலமே உப்பு முழுக்க உருகியிருக்கிறது.
இரவெல்லாம் அப்படியே கிடந்திருக்கிறது,
யாரும் அழுத்தாமல்.

பதினெட்டாம் தேதி, 11.31.

அறிக்கையில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு.
கதவடி இடுக்கில் காற்று வருகிறது,
ரப்பர் பட்டை தேவை என்று எழுதினேன்.
அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆமாம் என்றும் இல்லை என்றும் படும்படி
தலையை ஆட்டிவிட்டு
ஸ்பேனரைத் தேடினேன்,
அது என் கையிலேயே இருந்தது.