முடி

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அவர் வருவார்.
பிரதமர். பெயர் ஹால்வர் ஸ்டென்பெக்.
ஈரக் குடையை வாசலில் ஒருவன் வாங்கிக்கொள்வான்,
கைப்பேசியை இன்னொருவன்.
மாடியில் சின்ன அறை, இரண்டு நாற்காலி,
கணப்பருகே ஒரு கிழட்டு நாய்.
குறிப்பெடுக்க யாரும் கிடையாது.
இருபத்தாறு ஆண்டுகளாக இப்படித்தான்.
இவர் ஒன்பதாவது பிரதமர்;
நாற்காலியில் எட்டுப் பேரின் பள்ளம் இருக்கிறது.

மகாராணி இங்கெபோர்க்குக்கு என்ன அதிகாரம் என்று
வடகடல் ஓரத்து அந்தக் குட்டி நாட்டில்
பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்:
ஒன்றுமில்லை.
நாடா வெட்டுவார். தபால்தலையில் இடப்பக்கம் பார்ப்பார்.
கொலுவீற்றிருப்பது அவர் வேலை,
எந்தப் படியில் என்பது வீட்டுக்காரர்கள் பாடு.

சாசனமோ வேறு மாதிரி பேசுகிறது.
மகாராணி அமைச்சரை நியமிப்பார்,
மகாராணி அவையைக் கலைப்பார்,
மகாராணி போர் அறிவிப்பார்.
தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறோம்.
இது தோன்றுவதைத் தவிர
வேறு வேலையில்லாத எழுவாய்.

தமிழில் முடி என்றால் கிரீடம்.
அவர் தலையில் இருப்பது
முடியாது என்று சொல்ல முடியாத முடி.

அன்று ஸ்டென்பெக் ஒரு தாளோடு வந்தார்.
அவையைக் கலைக்க வேண்டும், நவம்பரில் தேர்தல்.
அவர் பரிந்துரைத்தால் இவர் ஒப்பமிட வேண்டும், மரபு அது.
பேனாவின் மூடி கழற்றியாயிற்று.
நாயின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார்:
"அந்த மீன்பிடி உரிம விசாரணை...
நீதிபதி ஓல்ரிக் அறிக்கை எப்போது தருகிறார்?"
"டிசம்பரில், மாட்சிமை தங்கியவரே."
"ஓ. டிசம்பரில்."

அவ்வளவுதான்.
பேனாவைக் கீழே வைக்கவில்லை,
பிடித்துக்கொண்டே இருந்தார்.
கணப்பில் ஒரு விறகு சரிந்தது.
நாய் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி படுத்தது.
எட்டுப் பேரைப் பார்த்துவிட்ட கண்கள்,
பத்தாவது ஆளையும் பார்க்கப்போகிற கண்கள்,
கண்ணாடிக்கு மேலாக,
கோபமே இல்லாமல்.

ஸ்டென்பெக் தாளை மடித்தார்.
பிறகு இன்னொரு முறை மடித்தார்.
"வாசகத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது."
"நல்லது," என்றார் மகாராணி. "மழை விட்டதா?"

மறுநாள் நாளேடுகளில்
மீன் காட்சியகத்தை அவர் திறந்துவைத்த படம்.
தொப்பி இளம்பச்சை. அதைப் பற்றி இரண்டு பத்தி.
டிசம்பரில் அறிக்கை வந்தது, ஸ்டென்பெக் போனார்.
எல்லாம் காதும் காதும் வைத்தது போல.
எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?
நாய்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல கதை.
ஆனால் அதே அறைக்குத்தான்
மூன்று வருடம் முன்பு காட்டு வரி மசோதாவும் வந்தது,
அவைக்குப் போகும் முன்பே, ஒரு மரியாதைக்கு.
காட்டில் ஐந்தில் ஒரு பங்கு அரண்மனைக் காடு.
அன்றும் ஒரு கேள்வி, காதைத் தடவிக்கொண்டே.
அன்றும் மழை விசாரிக்கப்பட்டது.
வெளியே வந்தபோது மசோதாவில்
பதினான்காம் பிரிவு இல்லை.
இல்லாத ஒன்றின் மேல்
யார் வாக்கெடுப்பு கேட்பது?
வேலிக்கு அந்தப்பக்கம் நாற்பது ஹெக்டேர் பைன் வைத்திருந்த
விதவை மார்கிட் ட்வெட்டன்
வரியை முழுசாகக் கட்டினாள், மூன்று தவணையில்,
கடைசித் தவணைக்குப் படகை விற்று.

செங்கோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.
பத்து முதல் நான்கு வரை, திங்கள் விடுமுறை.
பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்,
அதிகாரம் கண்ணாடிக்குள் இருக்கிறது என்று.

செவ்வாய்க்கிழமை, ஐந்து மணி.
புதிய பிரதமர் படியேறுகிறாள்.
குடியரசு கேட்டுக் கல்லூரிக் காலத்தில் ஊர்வலம் போனவள்,
அந்தப் பதாகை இன்னும் அவள் பரணில் கிடக்கிறது.
குடையைக் கொடுத்தாயிற்று, கைப்பேசியையும்.
கதவின் கைப்பிடியைத் தொடுமுன்
தலைமுடியை ஒருதரம்
சரிசெய்துகொள்கிறாள்.