இரண்டு மழை வரைக்கும்

கறுப்பு வண்டி எடுப்பதில்லை என்று
பலகை மாட்டலாமா என யோசித்ததுண்டு.
வெள்ளை மன்னிக்கும். வெள்ளி மறந்தே போகும்.
கறுப்பு,
துடைத்த துணியின் பெயர்கூடச் சொல்லும்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
இரண்டு வண்டி நிற்கும் என் கொட்டகைக்கு
ஏப்ரல் கடைசியில் பொன்னப்பா ஓட்டி வந்தது
கறுப்பிலும் கறுப்பு.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
பானெட் முழுக்கச் சிலந்தி வலை.
ஏழு வருடம், காலை ஆறு மணிக்கு,
ஒரே வாளி, ஒரே கிழிந்த பனியன்,
ஏதோ ஒரு வாட்ச்மேன்
வட்டம் வட்டமாகப் போட்ட கையெழுத்து.

மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
கூரை நூற்றுப் பத்து மைக்ரான். கதவு நூற்று நான்கு.
இடது ஃபெண்டர் இருநூற்று அறுபது,
அங்கே ஒரு மோதல், அதன்மேல் ஒரு பொய்.
பானெட் எழுபத்து மூன்றுதான்.
யாரோ ஏற்கெனவே உரித்திருக்கிறார்கள்.

பாலிஷ் என்றால் பூசுவது என்று நினைக்கிறீர்கள்.
இல்லை சார், கழிப்பது.
கீறலைத் தூக்கி எறிய முடியாது.
அது இறங்கிய ஆழத்துக்கு
சுற்றியிருக்கும் ஊரையே இறக்க வேண்டும்.
காம்பவுண்ட் தொட்டு மெஷின் ஓட்டினால்
ஒவ்வொரு முறையும் மூன்று போகும், நான்கு போகும்.
ஒரு வண்டிக்கு இத்தனை பளபளப்பு என்று
எண்ணித்தான் அனுப்புகிறது தொழிற்சாலை.

செராமிக் என்றால் மூன்று நாள், இருபத்திரண்டாயிரம்,
அடியில் எது இருந்தாலும் அப்படியே வைத்துப் பூட்டும்.
சீலண்ட் ஆறு மாதம் தாங்கும்,
வரவேற்பறைப் பெண்ணின் சிரிப்பு மாதிரி ஒரு மினுக்கு.
கார்னோபா, பிரேசில் பக்கத்துப் பனை
வறட்சியில் தன் ஓலை காயாமலிருக்கச்
சுரந்துகொள்ளும் மெழுகு.
கறுப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன்.
குளத்திலிருந்து அப்போதுதான் கரையேறிய
எருமையின் முதுகு வரும்.

‘விற்கப் போகிறேன்’ என்றார் பொன்னப்பா.
‘சனிக்கிழமை தெரியக்கூடாது, அவ்வளவுதான்.’

அதற்கும் ஒரு டப்பா இருக்கிறது அலமாரியில்.
கிளேஸ். எண்ணெயும் களிமண் மாவும்.
கீறலுக்குள் போய் உட்காரும்.
எதையும் கழிக்காது, எதையும் ஆற்றாது.
மேலே ஒரு கை மெழுகு.
இரண்டு மழை வரைக்கும் கியாரண்டி.

ஆயிரத்து எண்ணூறு வாங்கினேன்.
மறுநாள் டென்சிலுக்குச் சம்பளம் தர வேண்டியிருந்தது.
அது காரணமில்லை.
வேலையை நன்றாகச் செய்தேன்,
விளிம்புகளில் டேப் ஒட்டி,
கைப்பிடிக் குழிக்குள் விரல் விட்டு.
இப்போது உறுத்துவது அதுதான்.

மே மாதம் இரண்டல்ல, நான்கு மழை பெய்தது.
குல்மோகர் இதழ்கள் ஒட்டியபடி
அதே வண்டி வந்து நின்றது.
இறங்கியவள் கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை,
மெஹருன்னிசா, நைட் டியூட்டி முடிந்த கண்கள்.
‘வாங்குறப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சுக்கா.
நான்தான் தப்பான துணியில துடைச்சிட்டேன் போல.
எந்தத் துணி வாங்கணும், சொல்லுங்க.’
பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.
புத்தம் புது மைக்ரோஃபைபர்,
ஓரத்து லேபிளைக்கூட வெட்டியிருந்தாள்,
கீறிவிடக் கூடாதென்று.

டென்சில் தரையைக் கழுவத் தொடங்கினான்,
கழுவிய தரையையே.

விளக்கைச் சாய்த்தேன்.
வாட்ச்மேனின் வட்டங்கள் திரும்பி வந்திருந்தன,
ஒன்றுகூடக் குறையாமல்.
என் கை பட்டதற்கு மட்டும் அடையாளமே இல்லை.

‘உங்க துணி இல்லம்மா’ என்றேன்.

மென்மையான கறுப்பு ஸ்பாஞ்ச், நைசான பாலிஷ்,
எழுபத்து மூன்று தாங்கும் அளவுக்கு ஒரே ஓட்டம்.
ஆழமானவை இருக்கட்டும் என விட்டேன்.
பிறகு கார்னோபா, உள்ளங்கைச் சூட்டில் உருக்கி,
கதவு கதவாக.

‘எவ்வளவுக்கா?’

‘ஏற்கெனவே குடுத்தாச்சு.’

யார் என்று கேட்டாள்.
விளக்கை அணைத்தேன்.
இடது ஃபெண்டரிலிருந்து தொடங்கினேன்.